நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்

குணா,

'இங்கு அனைவரும் நலம்' என்று உன் தங்கை முதல் வரியிலேயே எழுதிவிட்டாள். பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். அதை அடித்துவிடு என்றேன். நலம் என்று எழுதிவிட்டால் கீழே இருப்பதை நீ கவனமாகப் படிக்கமாட்டாய். எப்போதும் போல நான் சொல்லச் சொல்ல மல்லிகாதான் எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்வாள், அது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதம் எழுதுவது உன் அப்பாவுக்குத் தெரியாது. இந்த வாரம் முழுக்க அவருக்குத் தேயிலை ஆலையில் ராத்திரி ஷிப்ட். லயத்து வீடுகளுக்கு லைட்டை நிறுத்தி வெகுநேரம் ஆகிறது. அடுப்படி ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கைக் கீழே வைத்து, இரண்டு பேரும் பலகையில் உட்கார்ந்திருக்கிறோம். நாய் குரைக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் பேனாவை வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கிறாள். "அப்பா வந்துட்டா என்னாம்மா சொல்றது?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். "பாடம் எழுதுறேன்னு சொல்லு" என்றேன். "பாடத்த நீங்க ஏன் சொல்லிக் குடுக்கிறீங்கன்னு கேட்பாரு" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

தபாலில் போட்டால் கடிதம் தோட்டத்து ஆபீஸ் பை வழியாகத்தான் போக வேண்டும். "மகனுக்குக் கடுதாசி போட்டீங்க போல" என்று ஆபீஸ் ஆட்கள் யாராவது உன் அப்பாவிடம் வாய்விட்டுவிடுவார்கள். அதனால் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு ஈப்போ வரும் லோரியில் கொடுத்து அனுப்புகிறேன். டிரைவர் ஆறுமுகம் நல்ல மனிதர். நீ தங்கியிருக்கும் சித்தி வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால்தானே, கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் இரண்டு காகிதங்களும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. ஒன்று, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்ததைச் சொல்லும் காகிதம். மற்றது விமானக் கம்பெனி அனுப்பியது. அதை மல்லிகா எனக்கு மூன்று முறை படித்துச் சொன்னாள். உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பி விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். திரும்பி வந்தபின் அவர்கள் சொல்லும் வருடங்கள் அவர்களிடமே வேலை செய்ய வேண்டும். பாதியில் விட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும். உனக்கு இன்னும் இருபத்தொரு வயது ஆகவில்லை என்பதால் தாயோ தகப்பனோ சம்மதம் தர வேண்டும், ஜாமீனுக்கும் ஆள் வேண்டும். இதை முதல் தடவை படித்தபோது உன் அப்பா எழுந்துபோய்ப் பல் விளக்க ஆரம்பித்துவிட்டார், அதுவும் சாயங்காலத்தில். வாயில் நுரையோடு திரும்பி வந்து, "தாப்பா ரோட்டுல மூணு எடத்துல பஸ்ஸ நிறுத்தி வாந்தி எடுத்தவன் பிளேன் ஓட்டப் போறானாம் லா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மல்லிகாவை வைத்து உனக்கு ஒரு கடிதம் எழுதியதோடு சரி, அந்தக் காகிதத்தைப் பற்றி இந்த வீட்டில் பேச்சு இல்லை.

அவர் கிண்டலாகச் சொன்னாலும் எனக்கு அந்தப் பயணம் அப்படியே நினைவில் இருக்கிறது. உனக்கு ஒன்பதோ பத்தோ வயது. தாப்பாவில் ஒரு கல்யாணம். மலையை விட்டு இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் நீ என் மடியில் கவிழ்ந்தாய். என் புதுச் சேலை போயிற்று, பக்கத்துச் சீட்டுக்காரரின் செருப்பு போயிற்று. கடைசியில் அந்த மலாய்க்கார டிரைவர் உன்னை முன்னால் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார். அங்கிருந்து அடிவாரம் வரை நீ ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை. அவர் கையையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாய். கல்யாண வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாய்: "ஓட்டறவனுக்கு மயக்கம் வராதும்மா. சும்மா உக்காந்து வர்றவனுக்குத்தான் வருது." பத்து வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று பக்கத்து இலைக்காரி சிரித்தாள். நீ விமானம் ஓட்ட வேண்டும் என்று எழுதிக் கேட்டபோது எனக்கு அந்தச் சாப்பாட்டுப் பந்திதான் ஞாபகம் வந்தது. அதனால் இது நேற்று முளைத்த ஆசை என்று நான் நினைக்கவில்லை. அதை முதலில் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பாவைக் கோழை என்றும் நீ நினைத்துவிடாதே. நம் வீட்டில் ஏன் இரண்டு அம்மி கிடக்கின்றன என்று சின்ன வயதில் கேட்பாயே, நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஒன்று உன் சின்னச் சித்தப்பா வீட்டு அம்மி. அவர்களிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. பிரஜை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட்டை நிறுத்திய காலத்தில், இந்தத் தோட்டத்தில் மட்டும் எத்தனையோ வீடுகள் காலியாயின. சித்தப்பா குடும்பமும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறப் புறப்பட்டது. அவர்கள் லோரியில் ஏறிய அன்றைக்கே, அடுப்புச் சாம்பல் ஆறுவதற்குள், வேறொரு குடும்பம் அந்த வீட்டுக்குள் பானையை இறக்கிவிட்டது. அவர்கள் மேலும் தவறு இல்லை, ஆபீஸில் சீட்டுக் கொடுத்தார்கள், வந்தார்கள். உன் அப்பா அந்தப் புது ஆட்களிடம் போய்க் கெஞ்சி, தம்பி வீட்டு அம்மியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். "எதையாச்சும் எடுத்துட்டு வரணும்னு இருந்துச்சு" என்றார். தோட்டத்து வேலையாட்களின் பெயரைப் பதியும் செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருக்கிற வரைக்கும்தான் நமக்கு இந்த வீடு என்பதை அவர் அன்றைக்குப் படித்துக்கொண்டார். அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை. நாம்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இனி நான் நினைப்பதைச் சொல்கிறேன். எனக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாத்தியார் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ரிங்லெட்டில் ஒரு வாத்தியார் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில்தான் நான் முன்பு கொழுந்து பறிப்பேன். மத்தியானம் மூன்று மணிக்குக் குளித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மழை பெய்தால் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வார். அதைப் பார்க்கும்போதெல்லாம், கூடைக் கயிறு நெற்றியில் அழுத்த, என் மகனும் ஒருநாள் இப்படி நாற்காலியை உள்ளே இழுத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பெரிய ஆசை என்று அப்போது எனக்குத் தோன்றியது. உனக்கு அது போதவில்லை என்று இப்போது தெரிகிறது. போதவில்லை என்பதற்காக நான் கோபப்படவில்லை. மேலே போகட்டும் என்றுதானே படிக்க வைத்தோம், எவ்வளவு மேலே என்று அளவு சொல்லவில்லையே.

ஆனால் ஒன்று. டாக்டர் உன் கண், காது, பல், இரத்தம் எல்லாம் பார்த்தார் என்று எழுதியிருந்தாய். வருடா வருடம் அப்படிப் பார்ப்பார்களாம். ஏதாவது ஒன்று பழுதானாலும் ஓட்ட விடமாட்டார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு என்னுடைய வேலைதான் ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருடம் கொழுந்து பறித்தேன். மழைநாளில் சரிவில் ஒரே ஒரு தடவை வழுக்கினேன். இடுப்பு பிசகியது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு சீட்டு எழுதினார். அந்தச் சீட்டை ஆபீஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. கொடுத்த மறுநாள் என் பெயரைக் கூப்பிடவில்லை. உடம்பை நம்பிச் செய்கிற வேலை எதுவானாலும் அப்படித்தான் குணா, அது கொழுந்து பறிப்பதானாலும் விமானம் ஓட்டுவதானாலும். உடம்பு போனாலும் கையில் நிற்கிற ஒன்று வேண்டும். அதைத்தான் நான் படிப்பு என்கிறேன். நீ பறப்பதாக இருந்தால்கூட, பக்கத்தில் ஒரு படிப்பை விடாமல் வைத்துக்கொள். தபால் வழியாகப் படிக்கலாம் என்று மல்லிகா சொல்கிறாள். எப்படியோ, விடாதே.

உன் கண் பரிசோதனையில் நீ கடைசி வரி வரைக்கும் படித்தாய் என்று எழுதியிருந்ததை இவள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு தவறைச் சொல்கிறேன், இவளை வைத்துக்கொண்டே சொல்கிறேன். இவள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது கரும்பலகை தெரியவில்லை என்றாள். "முன்னால போய் உக்காரு" என்றேன். முன்னால் உட்கார்ந்தும் தெரியவில்லை என்றாள். "அப்ப கண்ணைச் சுருக்காமப் பாரு" என்றேன். அந்த வருடம் நீ பெரிய பரீட்சை எழுதுகிறாய், உனக்கு டியூஷன், உனக்குப் பஸ், உனக்கு முட்டை. இவள் ஒன்றரை வருடம் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினாள். அந்தப் பிள்ளை தப்பாக எழுதினால் இவளும் தப்பாக எழுதினாள், இரண்டு பேருக்கும் சேர்த்து இவளுக்கு அடி விழுந்தது. கடைசியில் பள்ளிக்கு வந்த நர்ஸ்தான் பார்த்துச் சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு இவள் வாசலில் நின்று, "அம்மா, எதிர்மலையில செடியெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றாள். அதுவரைக்கும் அது ஒரே பச்சைத் துணி என்று நினைத்திருக்கிறாள். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். வேறென்ன செய்ய?

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அதே தவறை நான் மறுபடியும் செய்துவிட்டேன். இது இவளுக்கும் இன்னும் தெரியாது. இந்த வரியை எழுதும்போதுதான் தெரிந்துகொள்கிறாள்.

திங்கட்கிழமை உனக்கு ஜாமீன் கேட்பதற்காக நான் ஆபீஸில் செக்ரோல் எழுதும் கிராணியைப் பார்க்கப் போனேன். உன் அப்பா பகலில் தூங்கும் நேரம். ஆபீஸ் படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கிராணி நல்லபடியாகத்தான் பேசினார். "நம்ம தோட்டத்துப் பையன் பிளேன் ஓட்டறான்னா எனக்கும் பெருமதானே அக்கா. கையெழுத்துப் போடறேன். இன்னொரு ஆளையும் நானே பாத்துக் குடுக்கறேன்" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் சும்மா கேட்பது போலக் கேட்டார்: "அது சரி, உங்க வீட்டுக்கார அண்ணனுக்கு வருஷக் கடைசியில வேலை வயசு முடியுதே. நீங்க ஏற்கெனவே நின்னுட்டீங்க. அப்பறம் செக்ரோல்ல உங்க வீட்டுப் பேரு யாரு?" நான் அவர் மேஜை மேல் இருந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். "பையன் வாத்தியார் காலேஜுக்குப் போனா மாசாமாசம் அவனுக்கு அரசாங்கம் குடுக்கும், அத வச்சு ரிங்லெட்ல ரூம் எடுத்துடலாம். பிளேனுக்குப் போனா அவன் கையில ஒண்ணும் இருக்காதுலா. அப்ப வீடு?" என்றார். பிறகு புத்தகத்தைத் திறந்தார். "பொண்ணுக்கு வயசு பதினேழு ஆயிடுச்சுல்ல? இப்ப ரெண்டு ஆள் எடுக்கறோம். அடுத்த வருஷம் எடுப்பாங்களான்னு தெரியாது. பேரப் போட்டுடவா?"

"போடுங்க" என்றேன்.

ஒரே வார்த்தைதான். யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது, யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. மலையேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. என் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தார். முதல் தேதியிலிருந்து மல்லிகா பெரட்டில் நிற்க வேண்டும். விடியற்காலையில் பெயர் கூப்பிடும்போது கையைத் தூக்க வேண்டும். பெண்பிள்ளைதானே, எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்தானே என்று ஆபீஸ் படியில் இறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு அதை மறைக்கவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

இவள் பேனாவை வைத்துவிட்டாள். பிறகு நாங்கள் பேசிக்கொண்டதையும் எழுது என்று நான்தான் சொன்னேன். உனக்கு முழுவதும் தெரிய வேண்டும்.

"எழுதுடி" என்றேன்.

"எழுத மாட்டேன்."

"அப்ப அவனுக்குத் தெரியாமலே போயிடும். அது பரவால்லயா?"

"எனக்கு இந்த வருஷக் கடைசியில ஸ்கூல் கடைசிப் பரீச்சைம்மா. எஸ்.பி.எம்." இவள் சத்தமே இல்லாமல் அழுதாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்ற பயம் அப்போதும் போகவில்லை.

"பரீச்சைய எழுதேன், யாரு வேணாம்னா? சாயங்காலம் படிக்கலாம்ல."

"காலையில கொழுந்து எடுத்துட்டு சாயங்காலம் படிச்ச யாராச்சும் ஒரு ஆளக் காட்டுங்க. நம்ம லயத்துல ஒரு ஆள்."

நான் யோசித்துப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

"அண்ணனுக்கு வேணாம்னு இருக்கே, அந்த வாத்தியார் காலேஜு" என்றாள். "அதுக்குத்தாம்மா நான் படிக்கறேன். ரெண்டு வருஷமா. யாராச்சும் கேட்டீங்களா, நீ என்னாவாகப் போறேன்னு?"

கேட்கவில்லை. உன் அப்பாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ கேட்டாயா? எத்தனை கடிதம் எழுதியிருக்கிறாய், எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டியவள் இவள்தான். 'தங்கையை நன்றாகப் படிக்கச் சொல்லவும்' என்று கடைசி வரியில் போடுவாய். அந்த வரியையும் இவளே எனக்குப் படித்துக் காட்டுவாள், நானும் தலையாட்டுவேன். வீட்டுக்கு வரும் காகிதத்தை எல்லாம் படித்துச் சொல்கிற பிள்ளைக்கு ஒரு காகிதமும் வராது என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம் போலிருக்கிறது.

குணா, எனக்கு அசதியாக இருக்கிறது. உடம்பு அசதி இல்லை, அது பழகிவிட்டது. இருவருக்கும் சரியாக வருகிற ஒரு வழியைத் தாய் கண்டுபிடித்துச் சொல்வாள் என்று நீ எதிர்பார்ப்பாய். எனக்கு அப்படி ஒரு வழி தெரியவில்லை. கிராணியிடம் திரும்பப் போய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் வருடக் கடைசியில் உன் அப்பா தம்பி வீட்டு அம்மியையும் நம் அம்மியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? சொல்லாவிட்டால் இவள் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சோறு போடுவேன்? நீ வாத்தியார் காலேஜுக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவின் நினைப்பும் அதுதான். ஆனால் அப்படி அடக்கி உட்கார வைத்தால், பின்னால் உட்கார்ந்து வருகிறவனின் மயக்கத்தோடு நீ வாழ்நாள் முழுக்க எங்களைப் பார்ப்பாய். அதுவும் எனக்குப் பயம்.

ஆகவே நான் செய்வது இதுதான். விமானக் கம்பெனிக் காகிதத்தில் தாய் என்று போட்டிருக்கிற இடத்தில் பெருவிரலை வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு மடித்து அனுப்புகிறேன். கல்லூரிக் காகிதமும் கூடவே இருக்கிறது. என் சம்மதம் இல்லை என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது. ஆனால் அதற்குக் கீழே உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டில் நீ எழுதுவதற்கு முன், உன் கையெழுத்துக்கு இந்த வீட்டில் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுது. தெரியாமல் எடுத்துக்கொண்டால் அது பிள்ளைத்தனம். தெரிந்து எடுத்துக்கொள்கிறவன் பெரியவன், நல்லதோ கெட்டதோ. உன்னை இனிமேல் பெரியவனாக வைத்துத்தான் பேச வேண்டும் என்று நினைத்தேன், அதனால் எதையும் மறைக்கவில்லை.

எப்போதும் கடைசியில் முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டச் சொல்லுவேன். இவள் எங்காவது தடுமாறினால் அந்த இடத்தில் தன் சொந்தச் சொல்லை நுழைத்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவேன். இன்றைக்குப் படிக்கச் சொல்லப் போவதில்லை. மிச்சத் தாளில் அவளுக்கு என்ன தோன்றுகிறதோ எழுதிக்கொள்ளட்டும். நான் போய்ப் படுக்கிறேன். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. ஈப்போ வெயிலில் தலைக்கு எண்ணெய் வை.

அம்மா.

*

அண்ணே, இனிமேல் எழுதுவது மல்லிகா. அம்மா படுத்துவிட்டார். தூங்கவில்லை, புரண்டுகொண்டிருப்பது கேட்கிறது. அம்மா சொன்னதில் ஒரு வரியையும் நான் மாற்றவில்லை. என்னைப் பற்றிச் சொன்னதையும் மாற்றவில்லை.

ஆனால் போன தடவை ஒரு கடிதத்தை மாற்றினேன். அப்பா சொல்லி நான் எழுதியது. 'அப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார், அவசரப்படாதே' என்று அதில் இருந்ததல்லவா, அப்பா அப்படிச் சொல்லவே இல்லை. "பிளேனுக்குப் போறதா இருந்தா இந்த வாசப்படிய மிதிக்க வேணாம்னு எழுது" என்றார். எனக்கு அதை எழுதப் பயமாக இருந்தது. நீ அதைப் படித்துவிட்டு வராமலே போய்விடுவாயோ என்று பயந்தேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது அவர் சொன்னதையே பார்த்துப் படிப்பது போலச் சொல்லிவிட்டேன். அப்பா மனம் மாறும் என்று நம்பித்தான் நீ காத்துக்கொண்டிருக்கிறாய் என்று இப்போது தோன்றுகிறது. அது என் தப்பு. மன்னித்துவிடு. அப்பா யோசிக்கவில்லை.

பறக்காதே என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை. உனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், உன் கடிதங்களை நான்தானே படிக்கிறேன். பற என்று எழுதவும் வரவில்லை. நல்ல தங்கையாக இருந்தால் எழுதியிருப்பேன் போலிருக்கிறது.

அதனால் நான் என்ன செய்யப் போகிறேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். வேலைக்கு எடுக்க என் அடையாளக் கார்டு வேண்டும், நானும் நேரில் வந்து நிற்க வேண்டும். கார்டை அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்து என் பள்ளிப் பையில் வைத்துவிட்டேன். நாளைக்கு ஆபீஸுக்குப் போய்க் கிராணியிடம் நானே சொல்லப் போகிறேன், நான் வரமாட்டேன் என்று. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதுவரைக்கும் அவரிடம் நான் 'வணக்கம் ஐயா' தவிர வேறெதுவும் பேசியதில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார். அம்மா அழுவார். வருடக் கடைசியில் இந்த வீடு போய்விடலாம். அதற்கு நீயும் காரணமாக இருப்பாய், நானும் காரணமாக இருப்பேன். அதில் என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆறுமுகம் மாமாவின் லோரி சத்தம் மேல் ரோட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டது. போக வேண்டும். அண்ணே, முதல் தேதி பெரட்டில் என் பெயரைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் நான் பள்ளி பஸ்ஸில் இருப்பேன். நீ எங்கே இருப்பாய் என்று எழுது. யாருக்கும் படித்துக் காட்ட மாட்டேன், இந்தத் தடவை எனக்கு எழுது.